அந்திரேயாரின் பன்னிரண்டாம் பானை

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காத குடும்பம் எங்களுடையது. அந்தப் பெருமையால்தான் நான் ஒரு புனிதரின் பானையைக் களவெடுக்கும்படி ஆயிற்று. களவு என்று என் கணவர் அருள்நாயகம் சொல்லமாட்டார். என்னோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு எதைச் சொல்லக்கூடாது என்று தெரியும். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

போன மாசியில் எங்கள் கல்யாண நாளுக்கென்று மகள் நிரோஷினி எங்களை மெக்சிக்கோவுக்கு அனுப்பிவைத்தாள். ரொறன்ரோவில் பனி முழங்கால் மட்டும் கிடந்த வாரம் அது. கடற்கரை விடுதியில் இறங்கியதும் மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டி, இனி எந்த நேரமும் எதையும் சாப்பிடலாம் என்றார்கள். பொய் சொல்லக்கூடாது, குவித்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் "சாப்பிடுங்கோ" என்று கேட்க அங்கே ஒரு மனிதர் இல்லை. கேட்பாரில்லாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது எனக்கு மூன்றாம் நாளே அலுத்துவிட்டது. மலைக்குள் பழைய கோயில் ஒன்று இருப்பதாக அருள்நாயகம் போனில் கண்டுபிடித்தார். நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், கோயில் என்றால் உடனே வெளிக்கிட்டுவிடுவோம். பின்னுக்குக் கூரை போட்டு வாங்கு வைத்த பிக்கப் ஒன்றில் ஊர்ச்சனத்தோடு ஏறி உட்கார்ந்து, நாலு மணித்தியாலம் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம்.

கோயிலைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் றோட்டை மறித்திருந்தார்கள். கீழேயுள்ள ஊர்க்காரருக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டுமாம். அரசாங்கத்திலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போடும்வரை கல்லையும் மரத்தையும் எடுக்கமாட்டார்களாம். பிக்கப்காரன் தோளைக் குலுக்கிவிட்டு, தன் மச்சான் வீட்டுக்கு நித்திரைக்குப் போய்விட்டான். நானும் அருள்நாயகமும் பெயர் தெரியாத ஊரில், தெருவோரத்தில், விடுதிப் பட்டி கட்டிய கையோடு நின்றோம்.

எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு என் வயது மதிக்கத்தக்க ஒருத்தி வந்தாள். கையெல்லாம் சோளமா. எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. என் கைப்பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். பாஸ்போட் பைக்குள் இருந்தபடியால் நாங்களும் பின்னால் போனோம். அப்படித்தான் எல்வீரா வீட்டுக்கு நாங்கள் விருந்தாளியானோம்.

இரண்டரை நாள் அங்கே இருந்தோம். அந்த வீட்டில் இருந்தது ஒரேயொரு கட்டில். அதை எங்களுக்குத் தந்துவிட்டு எல்வீராவும் மகள் இத்செலும் அடுப்படியில் பாய் விரித்துக்கொண்டார்கள். விடிய எழும்பமுன் கறுவா போட்ட கோப்பி வரும். பிறகு அகன்ற மண்தட்டில் சுடச்சுடச் சோள ரொட்டி, கறுத்த அவரை, பச்சைமிளகாய்ச் சம்பல். ரொட்டி முடியமுன் அடுத்தது தட்டில் விழும். நான் போதும் என்று கையை மறித்தால், எல்வீரா என் கையை ஒதுக்கிவிட்டு இன்னொன்று வைப்பாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடத்துக்குப் பிறகு ஒருத்தி என் கையைத் தட்டிவிட்டுச் சாப்பாடு வைத்தாள். ரொறன்ரோவில் நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதென்றால் இரண்டு கிழமைக்கு முன் போன் பண்ணுகிற ஆட்கள்.

எல்வீராவுக்கு ஸ்பானிஷும் அவர்களுடைய மலைப் பாஷையும் தெரியும். எனக்குத் தமிழும் வேலையிடத்து இங்கிலிசும். மகள் இத்செல் பட்டணத்தில் தாதி வேலைக்குப் படிக்கிறவள். அவளும் றோட்டு மறியலால் வீட்டில் அகப்பட்டிருந்தாள். அவளுடைய பள்ளிக்கூட இங்கிலிசை வைத்துத்தான் முக்கியமானவற்றைப் பேசிக்கொண்டோம். ஊர்க் கோயில் புனித அந்திரேயாருடையது, எங்கள் பழைய ஆட்கள் பெலவேந்திரர் என்பார்களே, அவர்தான். நவம்பர் முப்பதில் திருநாள். நாங்களும் வேதக்காரர் என்று தெரிந்ததும் எல்வீரா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அருள்நாயகம் மிளகாய் தின்னும் வீரத்தைக் காட்ட வெளிக்கிட்டு, அயலவர் முன்னால் மூக்கும் கண்ணும் ஒழுக நின்றதையும் சொல்லத்தான் வேண்டும். அவ்வளவு சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

மூன்றாம் நாள் காலை வழி திறந்துவிட்டார்கள். நிரோஷினியின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு முதல் வண்டியில் இத்செல் படிப்புக்குப் போய்விட்டாள். அடுத்ததில் நாங்கள். காசை நீட்டினேன், எல்வீரா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு உள்ளே போய், சோளச் சருகில் சுற்றி அவித்த உருண்டைகளை ஒரு பெரிய நீல எனாமல் பானை நிறைய அடுக்கி, மூடி, துணியால் கட்டி என் மடியில் வைத்தாள். வண்டியில் இருந்த பதினொரு பேரும் வழி முழுக்கச் சாப்பிட்டோம். நெடுஞ்சாலைச் சந்தியில் எங்களை இறக்கிவிட்ட பிக்கப்காரன், பானையைக் காட்டி இரண்டு கையையும் நீட்டினான்.

"குடுத்துவிடும், அவன் கொண்டுபோய்க் குடுப்பான்," என்றார் அருள்நாயகம்.

"வெறும் பானையையோ? எந்தக் காட்டில வளந்தவை எண்டு நினைக்க மாட்டாவோ?" என்று நான் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பட்டணத்தில் ஏதாவது நல்ல சாமான் வாங்கிப் போட்டு, அடுத்த நாள் அதே வண்டியில் அனுப்புவது என் திட்டம். அடுத்த நாள் காலை எங்களுக்குப் பிளேன். கடை திறக்கவில்லை, வண்டியும் வரவில்லை. பானை என் மடியில் இருந்தபடியே ரொறன்ரோ வந்து சேர்ந்தது.

மாசியில் அதைத் 'திருப்பிக் குடுக்கவேணும்' என்று சொன்னேன். சித்திரையில் 'அவ தந்துவிட்டது' என்று சொன்னேன். ஆடியில் நாங்கள் இருக்கும் றூஜ் பகுதியில் எங்கள் செபக்கூட்டத்துக்கு நண்டும் றாலும் போட்டு அதில் ஒடியல் கூழ் காய்ச்சியபோது, மெக்சிக்கோவில் ஒரு சகோதரி அன்பளிப்பாகத் தந்ததாக ஆகிவிட்டது. கூழைக் குடித்துவிட்டு பேபி அக்கா பானையைக் கவிழ்த்து, அடியில் கிறுக்கியிருந்த எழுத்துகளைப் பார்த்து, இது எந்தக் கொம்பனி என்று கேட்டா. நல்ல கொம்பனி என்றேன்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை நிரோஷினி ஒஷாவாவிலிருந்து வந்தாள். வழக்கமாகச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சாப்பாடு என்ன என்று கேட்கிறவள், அன்று நேரே குசினிக்குப் போய்ப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு என்னை இருக்கச் சொன்னாள். இத்செலிடமிருந்து அவளுக்குச் செய்தி வந்திருந்தது.

பானை எல்வீராவுடையதல்ல. அந்திரேயாரின் திருநாளுக்கு ஊரே சாப்பிடும். அதற்கென்று கோயிலுக்குப் பன்னிரண்டு பானை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு வீடு அவற்றைப் பொறுப்பெடுத்து, அடுத்த திருநாளன்று காலையில் ஊரார் முன்னிலையில் அடுத்த வீட்டிடம் ஒப்படைக்கவேண்டும். இந்த வருடப் பொறுப்பு எல்வீரா. மூடியுள்ள பெரிய பாத்திரம் வேறில்லாதபடியால் வழிச்சாப்பாட்டை அதில் போட்டுத் தந்திருக்கிறாள், வண்டிக்காரன் கையில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில். அடியில் இருப்பது கொம்பனிப் பெயர் அல்ல. இறந்துபோன தன் மகனின் நினைவாக ஒரு தாய் அந்தப் பானையைக் கோயிலுக்குக் கொடுத்து, மகனின் பெயரைப் பொறித்திருக்கிறாள். வேறு பானை வாங்கி வைத்தால் அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது? எங்கள் ஊர்க் கோயில் கிடாரத்திலும் உபயம் என்று பெயர் வெட்டியிருக்கும். எனக்கு இதை எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"அவ ஏன் கேக்கேல்லை?" என்றேன்.

"அவவுக்கு நாங்கள் கெஸ்ற் அம்மா, கெஸ்ற்றிட்டைக் கேக்க மாட்டாவாம். இத்செல் தாய்க்குத் தெரியாமல்தான் எழுதினவ." நிரோஷினி பானையை நிமிர்த்தி வைத்தாள். "ஊர்க் கூட்டத்தில ஒரு பானை குறையுது எண்டு கேட்டிருக்கினம். அது துலையேல்லை, கனடாவில என்ர சகோதரி வீட்டில இருக்கு, திருநாளுக்கு முன்னம் வந்திடும் எண்டு சொல்லிப்போட்டாவாம். எல்லாரும் சிரிச்சவையாம்."

நான் பொய்யாகச் சொல்லித் திரிந்த சகோதரி என்ற சொல்லை அவள் உண்மையாகவே ஊர்முன் சொல்லி, தன் மானத்தை அதில் வைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையின் பெயருக்கு மேல் நண்டு காய்ச்சியிருக்கிறேன். அன்று முழுக்க நான் ஒருவரோடும் கதைக்கவில்லை, அருள்நாயகத்தைத் தவிர. அவரோடு கதைத்ததும் ஏச்சுத்தான். அன்றைக்கே ஏன் என் கையிலிருந்து பிடுங்கிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். பாவம் மனுசன்.

அஜின்கோர்ட்டில் பார்சல் அனுப்பும் கடைக்காரர், பட்டணம் வரைதான் உறுதி, மலைக்குள் எப்போது போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றார். வழியை நிரோஷினிதான் கண்டுபிடித்தாள். அவளுடைய கோயிலில் ஞாயிறு பின்னேரம் ஸ்பானிஷ் பூசை உண்டு. ஒஷாவாவுக்கு அங்கால் அப்பிள் தோட்டங்களில் வேலைக்கு வரும் மெக்சிக்கோக்காரர் பள்ளிக்கூட பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். சித்திரையில் வந்து, அறுவடை முடிய நவம்பரில் திரும்புகிறவர்கள். பூசை முடிந்ததும் வாசலில் நின்று, தன் அரைகுறை ஸ்பானிஷில் ஒவ்வொருவரிடமும் ஊர் கேட்டாள். மூன்றாம் ஞாயிறு எராஸ்மோ கிடைத்தான். அதே மலையின் மறுபக்கத்து ஊர். எல்வீரா வீட்டுக்கு அங்கிருந்து நாலு மணித்தியாலம். பானை என்றதும் முதலில் சிரித்தான். எந்தப் பானை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினான். நவம்பர் பதினைந்தில் பிளேன், கட்டாயம் கொண்டுபோவேன் என்றான்.

பத்தாம் திகதி ஞாயிறு மதியம் அவனை எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம், பானையையும் அன்றே கொடுப்பதாக. எனக்கு உயிர் வந்தது. இந்தமுறை நிறைத்து அனுப்பலாம். பயற்றம் பணியாரம், அச்சுப் பலகாரம், முறுக்கு, சிப்பிப் பலகாரம், நல்ல தேயிலை என்று மனதில் போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை பயறு வறுத்து வைத்தேன். வெள்ளி பின்னேரம் சீனிப்பாகு காய்ச்சுவது என்றிருந்தேன்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு நிரோஷினி போன் பண்ணினாள். இரவு கடும் உறைபனி பிடித்து, மிச்ச அப்பிளெல்லாம் போய்விட்டதாம். இனி வேலையில்லை என்று முதலாளி பிளேனை மாற்றிவிட்டார். எல்லோரும் இன்றைக்கே போகிறார்கள், பத்து மணிக்கு பஸ்.

நான் வறுத்த பயற்றையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தேன். கையில் அகப்பட்ட தேயிலைப் பைக்கற் இரண்டு, ஐந்து கிலோ அரிசிப் பை, பிரிக்காமல் இருந்த ஒரு போர்வை, எல்லாவற்றையும் பானைக்குள் திணித்துக்கொண்டு காரில் ஏறினேன். அருள்நாயகம் தன் வாழ்க்கையில் முதற்தடவையாக நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினார்.

தோட்டத்துக்குப் பின்னால் நீட்டான ஒரு கட்டடம். எட்டுப் பேர் அதில் எட்டு மாதம் இருந்திருக்கிறார்கள். நிலமெல்லாம் பெட்டிகளும் கயிறும். மூலையில் உடனடி நூடில்ஸ் மட்டைப் பெட்டிகள் கூரை மட்டும் அடுக்கிக் கிடந்தன. நிரோஷினி எங்களுக்கு முன்னமே வந்து நின்றாள். நாங்கள் வாசலில் கால் வைத்ததும் ஒருவர் கதிரையைத் துடைத்தார், ஒருவர் அணைத்து வைத்திருந்த அடுப்பை மறுபடி மூட்டினார். நேரமில்லை என்று நான் கையை ஆட்டிக்கொண்டிருக்கவே கறுவாக் கோப்பியும் முட்டையும் ரொட்டியும் என் முன்னால் வந்துவிட்டன. பஸ் வர அரை மணித்தியாலம் இருக்க, அந்த மனிதர்கள் எனக்குச் சமைத்தார்கள். நான் மூச்சுக்காட்டாமல் சாப்பிட்டேன்.

எராஸ்மோவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவனுடைய சூட்கேஸ் ஏற்கனவே பாரம் முட்டிவிட்டது. கையில் கொண்டுபோக ஒரு சாமான்தான் விடுவார்கள், அது பானை என்று அவன் முடிவெடுத்திருந்தான். கையில் கொண்டுபோவதாக இருந்த பையை அவிழ்த்துக் கட்டிலில் போட்டிருந்தான். அதில் இருந்தது பிள்ளைகளுக்கு வாங்கிய இரண்டு செம்மஞ்சள் குளிர் ஜக்கற்றும் இரண்டு சோடிச் சப்பாத்தும். அவர்களுடைய மலையில் மார்கழி மாதம் நல்ல குளிராம். பானைக்குள் வைத்துக் கொண்டுபோகலாம் என்று நினைத்திருக்கிறான். நான் மூடியைத் திறந்து அரிசியையும் போர்வையையும் காட்டியதும் ஜக்கற்றுகளை மடித்துக் கட்டிலில் திரும்ப வைத்தான். தோழன் ஒருவன் அடுத்த வருடம் கொண்டுபோகலாம் என்று சொன்னானாம்.

எனக்கு அந்த நேரம் வந்தது கோபம். பனியில் கோபம், முதலாளியில் கோபம், என்னில் கோபம். எட்டு மாதம் பிள்ளைகளைக் காணாத மனிதன், ஒரு புனிதருக்காகவும் யாரென்றே தெரியாத ஒரு கிழவியின் மானத்துக்காகவும் ஜக்கற்றை விட்டுவிட்டுப் போகிறான். நான் அரிசியை வெளியே எடுத்தேன். போர்வையை எடுத்தேன். தேயிலை ஒரு பைக்கற்றாவது கிடக்கட்டும் என்று பார்த்தேன், சப்பாத்து இறங்கவில்லை. அதையும் எடுத்தேன். ஜக்கற்றையும் சப்பாத்தையும் நானே அடுக்கி மூடித் துணியால் கட்டினேன்.

"அம்மா, அப்ப பானை எல்வீரா அன்ரியிட்டை வெறுமையாத்தான் போகும்," என்றாள் நிரோஷினி.

"தெரியும். இந்த மக்டலீன் வெறும் பானையைத்தான் அனுப்பினவ, மன்னிக்கட்டாம் எண்டு சொல்லச் சொல்லு."

அவள் சொன்னாள். எராஸ்மோ என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் அழுதுகொண்டு நின்றேன். பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. எராஸ்மோவின் கனடா நம்பர் வேலை செய்யவில்லை. இத்செலுக்குப் பரீட்சை, அவளும் ஊரில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். விமான நிலையத்தில் பறித்திருப்பார்களோ, வீட்டுக்குப் போன மனிதன் பிள்ளைகளை விட்டுவிட்டு இன்னொரு நாலு மணித்தியாலம் ஏன் அலையப்போகிறான் என்று அருள்நாயகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இருபத்தொன்பதாம் திகதியும் ஒன்றும் வரவில்லை. அன்று செபமாலையில் எத்தனையாவது மணி என்று மூன்று தரம் பிழைவிட்டேன். ஊர் முன்னால் எல்வீரா பதினொரு பானையோடு நிற்பதே கண்ணுக்குள் நின்றது.

முப்பதாம் திகதி காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றவில்லை, எங்களோடு பூசைக்கு வந்திருந்த நிரோஷினியின் போன் அடித்தது. வீடியோ. முதலில் பட்டாசுச் சத்தமும் புகையும்தான். பிறகு எல்வீராவின் முகம் போனுக்கு மிகக் கிட்ட வந்தது. இத்செல் போனைத் திருப்பினாள். கோயில் முற்றத்தில் பன்னிரண்டு நீலப் பானைகள் கவிழ்த்து வரிசையாக இருந்தன. ஒரு வயதான பெண் ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்துக்கொண்டு வந்து, ஒன்றின் மேல் கை வைத்து நின்றாள். எது எங்களுடையது என்று எனக்கு இத்செல் சொல்லத் தேவைப்படவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வெறுமையாக வந்துவிட்டது என்று சொல்லத் தொடங்க, இத்செல் இடைமறித்தாள். வெறுமையாக வரவில்லையாம். நேற்றுப் பின்னேரம் எராஸ்மோ மனைவியோடும் பிள்ளைகளோடும் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறான். பானை மனைவியின் மடியில். நிறைய இனிப்பு ரொட்டி, மேலே அரைத்த சொக்லேற் கட்டிகள். கனடாவில் ஒரு அம்மா நம் பிள்ளைகளின் ஜக்கற்றுக்காகப் பானையை வெறுமையாக அனுப்பிவிட்டு அழுதாள் என்று கணவன் சொன்னானாம். கோயில் பானையை வெறுமையாகக் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று அவள் முதல் நாளே மா குழைக்கத் தொடங்கிவிட்டாளாம்.

எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் இந்தப் பழக்கம் என்று நான் அறுபது வருடம் நினைத்திருந்தேன்.

அவளைக் காட்டச் சொன்னேன். பெயர் றெமேதியோஸ். சின்ன உருவம், அடுப்படியில் முழங்கை மட்டும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு செம்மஞ்சள் ஜக்கற்றுகள் ஓடித்திரிந்தன. நான் தமிழில் என்னவோ சொன்னேன். நிரோஷினி அதை மொழிபெயர்க்க முயன்று விட்டுவிட்டாள். றெமேதியோஸ் கையைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள்.

"என்னவாம்?" என்றேன்.

நிரோஷினி என் பக்கம் திரும்பினாள். "அங்க எட்டு மாதமும் அவர் ஒழுங்காச் சாப்பிட்டவரோ எண்டு கேக்கிறா அம்மா. அவர் ஓம் எண்டுதான் சொல்லுவாராம். ஆனா நீங்கள் கிட்ட இருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியுமாம்."

கூரை மட்டும் அடுக்கியிருந்த நூடில்ஸ் பெட்டிகள்தான் என் கண்ணுக்கு முன் வந்தன. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிட ஓட்டத்தில் அவன் எட்டு மாதம் இருந்திருக்கிறான். அந்த எட்டு மாதத்தில் நான் மெக்சிக்கோக்காரரின் உபசரிப்பைப் பற்றி றூஜ் முழுக்கக் கதைத்துத் திரிந்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வடிவாச் சாப்பிடேல்லை எண்டு சொல்லு," என்றேன். "வாற சித்திரையில இருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய எங்கட வீட்டிலதான் சாப்பாடு எண்டு சொல்லு. நான் போதும் எண்டு சொல்ல விடமாட்டன் எண்டும் சொல்லு."

நிரோஷினி சொல்லத் தொடங்கினாள். அருள்நாயகம் என் முழங்கையில் தட்டி, அங்கே எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றார்.

எட்டுப் பேரும் என்று சொல்லச் சொன்னேன்.